அட்டையில் என்னை விதவை என்று எழுதியிருந்தார்கள்

எங்கள் தொழிற்சாலையில் அந்தக் கிறிஸ்மஸ் விருந்தைப் பற்றி இரண்டு கதைகள் உலாவுகின்றன. ஒன்றில் நான் மேடையில் ஏறி, மைக்கைப் பறித்து, கொழும்பிலிருந்து வந்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுகிறேன். மற்றதில் அழுது மயங்கி விழுகிறேன். நான் ஓய்வு பெற்று இரண்டு வருசமாகிறது. போன கிழமை சந்தையில் கண்ட ஒரு பிள்ளை, இப்போது சாம்பிள் அறையில் வேலை செய்பவள், "றெஜினாக்கா, நீங்கள் உண்மையாவே மைக்கைப் பறிச்சனீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மைக்கை என் கையில் தந்தவர்கள் அவர்கள்தான். நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தால் நல்லது என்று அன்றைக்குத் தோன்றியது.

வேலைக்குச் சேரும்போது எனக்கு நாற்பத்தொரு வயது. முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, கரையிலேயே கலியாணம் கட்டி, சண்டைக்காலத்தில் எல்லோரையும் போலப் பல இடம் ஓடி, திரும்பி வந்து அதே கரையில் தகரம் போட்ட வீட்டில் இருந்தோம். என் மனிசன் சேவியர் கடலையொட்டிய களப்பில் றால் பிடிப்பவர். றால் படும் மாதங்களும் உண்டு, படாத மாதங்களும் உண்டு. படாத மாதங்களுக்காகத்தான் நான் தையலுக்குப் போனேன். காலை ஆறு மணிக்குக் கம்பனி பஸ் வரும். முள்ளியவளைப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு, பற்றைக் காணியைத் துப்பரவாக்கி எழுப்பிய அந்த நீளக் கட்டடத்தில் கொண்டுபோய் இறக்கும். பயிற்சி மூன்று கிழமை. முதல் கிழமை நூலில்லாத மெசினில், கடதாசியில் கீறிய நேர்கோட்டின் மேல் ஊசியை ஓட்டினோம். இரண்டாம் கிழமை வளைகோடு. மூன்றாம் கிழமை நூல் கோர்த்துத் தந்தார்கள். அவ்வளவுதான் படிப்பு.

அங்கே போனபின் காலண்டரை மறக்கப் பழக வேண்டும். எங்களுக்குக் கிறிஸ்மஸ் மே மாதத்தில் வரும். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே நாங்கள் வெல்வெட்டில் மணி கோர்த்துக்கொண்டிருப்போம். எல்லாம் டிசம்பர் விருந்துகளுக்குப் போடும் சட்டைகள். முதுகில்லாத சட்டை, ஒரு கை மட்டும் உள்ள சட்டை, நடந்தால் மீன் செதில் போல மினுங்கும் சட்டை. "இதைப் போட்டுக்கொண்டு எப்பிடிக் குந்துவினம்?" என்று முள்ளியவளைத் தவமணி கேட்பாள். "குந்த மாட்டினம். நிண்டுகொண்டுதான் சாப்பிடுவினமாம்," என்பேன். எங்கள் வீடுகளில் உண்மையான கிறிஸ்மஸ் வரும்போது லைனில் அடுத்த கோடைக்கான பருத்திச் சட்டைகள் ஓடும்.

மூன்றாம் வருசம் என்னைச் சாம்பிள் அறைக்கு எடுத்தார்கள். ஆயிரம் சட்டை தைப்பதற்கு முன் முதல் சட்டையைத் தைத்துக் காட்டுவது அங்கேதான். அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் நிலந்தி மிஸ். செட்டிகுளத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த சிங்களப் பெண். தமிழ் எங்களைப் போலவே கதைப்பார். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அக்கா என்பார், நான் மிஸ் என்பேன்.

மிஸ்ஸிடம் ஒரு சட்டையைக் கொடுத்தால் முதலில் அதை உட்பக்கம் புரட்டுவார். வெளிப்பக்கத்தைக் கடைசியில்தான் பார்ப்பார், சில நாள் பார்க்கவே மாட்டார். விரலால் மூட்டுத் தையலைத் தடவிக்கொண்டே போவார். பிழை இருக்கும் இடத்தில் விரல் நிற்கும். சட்டையை மேசையில் அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் தையல் பிரிக்கும் கொக்கியையும் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். கொக்கி கிடந்தால் அந்தத் தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். ஆனால் அவர் ஒருவரையும் மற்றவர்கள் முன்னால் ஏசியதை நான் காணவில்லை.

அவர் குரல் உயரும் ஒரே விசயம் ஊசி. ஊசி உடைந்தால் மெசினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒரு கடதாசியில் முழு ஊசி போலப் பொருத்தி வைத்து, ஒட்டுநாடா போட்டு, நேரம் எழுதி, இரண்டு பேர் கையெழுத்து வைத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தால் அந்தச் சட்டை வெளியே போகாது. ஒரு நாள் அரை நெல்லளவு முனைக்காக மத்தியானச் சாப்பாட்டை விட்டு நாலு பேர் நிலத்தில் தவண்டு தேடினோம். "ஆரோ ஒரு பிள்ளையின்ர உடம்பில குத்தும், அக்கா. எங்களுக்குத் தெரியாத பிள்ளை," என்றார் மிஸ், தானும் தவண்டுகொண்டே.

இனித் தவமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணி வேலையில் அவளை அடிக்க எங்கள் அறையில் ஆளில்லை. அவளுடைய மனிசன் கடைசிச் சண்டையில் செத்தவர். ஒரு முறை கொழும்பிலிருந்து படம் எடுப்பவர்கள் வந்தார்கள். கதிரையைப் போட்டுத் தவமணியை இருத்தி, அவளுடைய கதையைக் கேட்டார்கள். நல்ல மாதிரித்தான் கேட்டார்கள். அவளும் சொன்னாள். சில மாதம் கழித்து அந்தப் படமும் கதையும் எங்கேயோ வந்து, கைப்பேசிகளில் சுற்றி, அவளுடைய மகளின் பள்ளிக்கூடம்வரை போய்விட்டது. தகப்பன் எந்த இடத்தில், எப்படி விழுந்தார் என்று அந்தப் பிள்ளைக்கு அதுவரை தாய் சொல்லியிருக்கவில்லை. பிள்ளை அதை மற்றப் பிள்ளையின் கைப்பேசியில் வாசித்தது. இரண்டு நாள் தாயோடு கதைக்கவில்லை. அதன் பிறகு கமராவைக் கண்டால் தவமணி எழும்பிக் கழிவறைக்குப் போய்விடுவாள்.

நான் சொல்லும் விருந்து இதற்கு அடுத்த வருசம் நடந்தது. எங்களுக்கு மணி வேலை தருபவர் கொழும்பில் பெயர்பெற்ற ஒரு ஆடை வடிவமைப்பாளர். எங்கள் எல்லோருக்கும் அவர் மேடம்தான். ஒவ்வொரு டிசம்பரும் கொழும்பில் ஆடை உலகத்து ஆட்களையும் ஓவியர்களையும் கூப்பிட்டு விருந்து வைப்பவர், அந்த முறை அதை முல்லைத்தீவில் வைக்க நினைத்தார். கடற்கரையில் புதிதாகக் கட்டிய ஒரு ஹொட்டலை முழுதாக எடுத்தார்கள். விருந்தில் காட்டுவதற்கென்று ஒரே ஒரு சட்டை எங்களிடம் தைக்கத் தந்தார். கரும்பச்சை வெல்வெட், நிலம் தொடும் நீளம், தோளிலிருந்து கீழே மழை இறங்குவது போலக் கண்ணாடி மணிகள். ஆறு பேர் பத்தொன்பது நாள் இருந்து தைத்தோம். மழைக் கோடுகளில் முக்கால்வாசி தவமணி போட்டவை.

சட்டையோடு தைத்தவர்களில் ஒருவர் வர வேண்டும் என்று மனேஜரின் கந்தோரிலிருந்து சொல்லி வந்தது. தவமணியைத்தான் கேட்டார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "றெஜினாக்கா வரட்டும். உடம்பில வைச்சுத் தைக்கிறதுக்கு அவாவின்ர கைதான் நல்லது," என்றார் நிலந்தி மிஸ். அப்படித்தான் நான் மிஸ்ஸோடு போனேன்.

டிசம்பர் எங்கள் பக்கம் மாரி. அன்றைக்கு விடியவிருந்தே விட்டுவிட்டு மழை. ஹொட்டல் முற்றத்தில் போட்ட வெள்ளைப் பந்தலைச் சுற்றிச் சேறு. பின்னேரம் நாலரைக்கு வாகனங்கள் வரத் தொடங்கின. மே மாதங்களில் நான் தைத்த சட்டைகள் எங்கே போகின்றன என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். கறுப்பு, வெள்ளி, இரத்தச் சிவப்பு. ஒருவரையொருவர் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கதைத்தார்கள். வெள்ளிச் சட்டை போட்ட ஒரு பெண் குதிச் சப்பாத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு சேற்றைத் தாண்டிச் சிரித்தபடி வந்தாள். அவளை எனக்குப் பிடித்திருந்தது. கடலில் ஒதுங்கிய கட்டைகளை அடுக்கி, சிறு மின்குமிழ்கள் சுற்றிக் கிறிஸ்மஸ் மரம் செய்திருந்தார்கள். மண்டபச் சுவரெல்லாம் ஓவியங்கள். ஒரு பெரிய சட்டத்துக்குள் பழைய மீன் வலையை இழுத்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அதுவும் ஓவியமாம்.

எங்களுக்குத் தந்த சின்ன அறையில் அந்தச் சட்டையைப் போடும் பெண் இருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும், நல்ல உயரம். உடுத்தி முடித்து, படம் எடுக்கவென்று பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர்கள் பத்து நிமிசத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். வாசலில் கால் சறுக்கி, சப்பாத்துக் குதி சட்டை ஓரத்தில் மாட்டி, ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மணிகள் நூலோடு தொங்கின. நிகழ்ச்சிக்கு அரை மணித்தியாலம் இருந்தது.

கழற்றிப் போட்டுத் தைக்க நேரமில்லை. அவளை ஒரு கதிரையில் ஏற்றி நிற்பாட்டினேன். உடம்பில் வைத்துத் தைக்கும்போது தோலுக்கும் துணிக்கும் இடையில் ஒரு மட்டையைச் செருக வேண்டும். ஊசி எப்போதும் ஆளைவிட்டு வெளிப்பக்கமாகத்தான் போக வேண்டும். கிழிவை மூடி, மணியைத் திருப்பிக் கோர்த்துக்கொண்டு வந்தேன். பாதியில் ஊசி ஒரு மணியில் இடித்து 'டிக்' என்றது. எடுத்துப் பார்த்தால் முனையைக் காணவில்லை.

"நிப்பாட்டுங்கோ," என்றார் மிஸ். அந்தப் பிள்ளையிடம் சிங்களத்தில் அசையாமல் நிற்கச் சொன்னார். மின்விசிறியை நிறுத்தினார். கட்டில் விரிப்பை இழுத்துக் கதிரையைச் சுற்றி விரித்தார். பையிலிருந்து காந்தத்தை எடுத்து மடிப்பு மடிப்பாகத் தடவத் தொடங்கினார். கதவில் தட்டினார்கள். மேடத்தின் ஆட்கள். எல்லோரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். மிஸ் கதவைத் திறக்காமலே, "ஊசி முனை கிடைக்கிற வரைக்கும்," என்றார். திரும்பத் தட்டினார்கள். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நான் விரிப்பில் தவண்டு தேடினேன். கடைசியில் அது ஓரமடிப்பின் உட்பக்கத்தில், வெல்வெட் மயிருக்குள் படுத்திருந்தது. மிஸ் அதைக் கடதாசியில் வைத்து, மற்றத் துண்டோடு பொருத்தி, ஒட்டி, நேரம் எழுதி, கையெழுத்து வைத்து என்னிடமும் நீட்டினார். விருந்து வீட்டிலும் இரண்டு கையெழுத்து. அதன் பிறகு மிச்சத்தைத் தைத்தேன்.

பிள்ளை போனபின், சட்டையோடு விருந்தாளிகளுக்குக் கொடுப்பதற்கென்று இங்கிலீசில் அடித்த அட்டைகளில் ஒன்றை மிஸ் மேசையிலிருந்து எடுத்தார். வாசித்தார். திரும்ப வாசித்தார்.

"அக்கா, இதில பிழை இருக்கு," என்றார்.

"என்ன பிழை?"

"இந்தச் சட்டையைத் தைச்சது ஒரு விதவை எண்டு போட்டிருக்கினம். மனிசனைச் சண்டையில பறிகுடுத்த பிறகு ஊசியாலதான் உயிர் வாழுறாவாம். கீழ உங்கட பேர்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அது தவமணியின் கதை. படம் எடுக்க வந்தவர்களிடம் அவள் சொன்ன சொற்கள். அதை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். என் மனிசன் அன்றைக்கு விடிய அந்த மழைக்குள் களப்புக்குப் போனவர். மாரிக்களப்பில் தோணி கவிழ்ந்து போன ஆட்களை எங்களுக்குத் தெரியும். அவர் தண்ணியில் நிற்கும் நாளில் என்னை விதவை என்று அச்சடித்திருக்கிறார்கள். சிலுவை போட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் எங்கள் மனேஜர் வந்தார். மிஸ் அட்டையைக் காட்டினார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெரியும். இப்பதான் பாத்தனான். இனி என்ன செய்யலாம்? எல்லார்ர கையிலயும் குடுத்தாச்சு," என்றார். பிறகு என்னிடம், "அக்கா, நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. மேடம் கூப்பிடுவா. ஏறிக் கும்பிட்டிட்டு இறங்கினாச் சரி. இஞ்ச உங்களைத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இல்லைத்தானே. வாற மே மாதத்து ஓடர் இவையிட்டத்தான் இருக்கு. நாப்பது பேருக்கு வேலை," என்றார்.

அவர் கெட்ட மனிதரில்லை. நாற்பது பேர் என்றது பொய்யுமில்லை. அந்த நாற்பது பேரில் தவமணியும் ஒருத்தி.

தண்ணி குடிக்கக் குசினிப் பக்கம் போனேன். அங்கே கதவடியில் சேவியர் நின்றார். கட்டியிருந்த சாரம் முழங்கால்வரை நனைந்திருந்தது, கையில் வெறும் றால் கூடை. ஹொட்டல்காரர்கள் அன்றைக்குக் களப்பு றால் முழுவதையும் அவரிடமும் அவருடைய கூட்டாளியிடமும்தான் எடுத்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். கதவிடுக்கால் மண்டபத்தை எட்டிப் பார்த்தபடி, "அந்த வலையில கண்ணி விட்டுப்போய்க் கிடக்கு. கட்டிக் குடுக்க ஆள் இல்லாமலே தூக்கி வைச்சிருக்கினம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இதில நில்லுங்கோ, போகாதேங்கோ," என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அந்தப் பிள்ளை சட்டையோடு நடந்து வந்தபோது மண்டபம் அமைதியானது. வெளிச்சத்தில் மணிகள் உண்மையாகவே மழையாக இறங்கின. அழகாயிருந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். மேடம் மேடையில் ஏறி இங்கிலீசில் கொஞ்சம் கதைத்து, என் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினார். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். நான் ஏறினேன். மிஸ் மொழிபெயர்க்க என்று கூடவே ஏறினார். மேடம் என் தோளை அணைத்து, மைக்கை என் கையில் தந்தார். கும்பிட்டுவிட்டு இறங்கத்தான் நினைத்தேன். கையைக் குவிக்க மைக் இடைஞ்சலாக இருந்தது. அதனால் கதைத்தேன்.

"என்ர பேர் றெஜினா," என்றேன். "அட்டையில எழுதியிருக்கிறது நானில்லை. என்ர மனிசன் உயிரோட இருக்கிறார். நீங்கள் சாப்பிடுற றால் அவர் பிடிச்சது. அந்தா, அந்தக் கதவடியில நிக்கிறார்."

மிஸ் அதை இங்கிலீசில் சொன்னார். எல்லாத் தலையும் திரும்பியது. சேவியர் என்ன செய்வதென்று தெரியாமல் கூடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"இந்தச் சட்டையை நான் தனியத் தைக்கேல்லை. ஆறு பேர் தைச்சனாங்கள். அதில மனிசனைப் பறிகுடுத்தவையும் இருக்கினம். அந்தத் துக்கத்தை அவை உங்களுக்கு விக்கத் தரேல்லை. தந்தது தையல் மட்டும்தான். தையலைப் பாருங்கோ. உள்பக்கத்தையும் பாருங்கோ."

அவ்வளவுதான் சொன்னேன். நான் ஏசவுமில்லை, அழவுமில்லை. மிஸ் என்னைவிடக் கூட நேரம் கதைத்தார். இங்கிலீசில் சொல்ல நீளம் கூட வரும்போல என்று நினைத்தேன். மேடத்தின் முகம் முதலில் கறுத்தது, பிறகு மெல்லத் தெளிந்தது. அவர் என்னைத் திரும்ப அணைத்தார். யாரோ கைதட்டத் தொடங்க, எல்லோரும் தட்டினார்கள். வெறுங்காலோடு வந்த அந்தப் பெண் சேவியருக்குப் பக்கத்தில் போய்க் கைகொடுத்ததைக் கண்டேன். அட்டைகளைத் திரும்ப எடுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் தவமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோர்த்துக்கொண்டிருந்த மணியை முடித்து, நூலை வெட்டிவிட்டு, "என்ர பேரைச் சொன்னனியோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த நூலைக் கோர்த்தாள்.

மே மாதத்து ஓடர் குறையாமல் வந்தது. புது அட்டையில் 'முல்லைத்தீவில் கையால் தைத்தது' என்று மட்டும் இருந்தது. எனக்குப் பெரிய ஆறுதல். உண்மையைச் சொன்னால் ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள், நாங்கள்தான் வீணாகப் பயப்படுகிறோம் என்று பல பேருக்குச் சொல்லித் திரிந்தேன். ஒரே ஒரு கவலை, ஜனவரியில் நிலந்தி மிஸ்ஸை மாற்றிவிட்டார்கள். வவுனியாவில் பொதி கட்டும் பிரிவுக்கு. வீட்டுக்குக் கிட்ட என்று கேட்டு வாங்கினார் என்றார்கள். சாம்பிள் அறையில் பதினொரு வருசம் இருந்த கைக்குப் பெட்டி எண்ணும் வேலை. இரண்டு வருசத்தில் அதையும் விட்டுவிட்டு, நெளுக்குளத்தில் சொந்தமாக ஒரு தையல் கடை போட்டார்.

இந்த வருசம் தை மாதம் அவரும் மனிசனும் கடற்கரை பார்க்க வந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். ஆண்கள் இருவரும் தோணியடிக்குப் போய்விட்டார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டு பழைய கதை கதைத்தோம். நான் விளையாட்டாகக் கேட்டேன்.

"மிஸ், அண்டைக்கு மேடையில நான் நாலு வசனம்தான் சொன்னனான். நீங்கள் அவ்வளவு நேரம் என்ன சொன்னனீங்கள்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்கள் சொன்னதெல்லாம் சொன்னன். கடைசியில இன்னும் கொஞ்சம் சேர்த்தன். அட்டைக்கு விபரம் எழுதி அனுப்பினது நான், ரெண்டு பேரின்ர கதையைக் கலந்துபோட்டன், மேடத்துக்கு இது தெரியாது, பிழை என்னுடையது எண்டு சொன்னன்."

"நீங்கள் எழுதேல்லையே."

"இல்லைத்தான். ஆனா மேடத்தை அவ்வளவு ஆக்களுக்கு முன்னால பொய்க்காரியா நிப்பாட்டினா ஓடர் எங்க வரும்? மனேஜருக்கும் உண்மை தெரியும். அவருக்கும் பிழையைப் போட ஒரு பேர் தேவைப்பட்டது. அதுதான் என்னை வவுனியாவுக்கு மாத்தினவை."

எத்தனை பேருக்கு எத்தனை முறை அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். உண்மை சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை என்று. நடந்திருக்கிறது. அவர் ஊசியைப் பிடித்த கையால் இரண்டு வருசம் பெட்டி எண்ணியிருக்கிறார்.

"ஏன் மிஸ் அப்ப எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்கள் அடுத்த நாளே கந்தோருக்குப் போய், எழுதினது நிலந்தி மிஸ் இல்லை எண்டு சொல்லியிருப்பீங்கள், அக்கா," என்றார்.

ஓம். போயிருப்பேன்.